இராஜா மீனுக்கு ஏன் இந்த இராஜ மரியாதை?



பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஈயக் குட்டைகளுக்குத் தூண்டில் போட அழைத்துச் செல்வது நல்ல பழக்கமே. கைத்தொலைபேசிக்குத் தூண்டில் எவ்வளவோ மேல். ஆனால், பிடிபட்ட பீக்காக் பாஸ் மீனைப் படமெடுத்துவிட்டு மீண்டும் நீரில் விடுவதைக் 'கருணை' என்று கற்பிப்பதை ஏற்க இயலாது.

அது நம் நாட்டு மீனன்று. அமேசான் படுகையைச் சேர்ந்தது. செயற்கை இரையைக் கண்டதும் பாய்ந்து கவ்வும். அந்த விறுவிறுப்புக்காகவே சிலர் அதன் குஞ்சுகளைப் புதிய குட்டைகளில் விடுகின்றனர். தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சுகளைக் காப்பதால் அவை விரைவில் பெருகும், சிறுமீன்களையெல்லாம் விழுங்கும். பனாமாவின் காதுன் ஏரியில் 1960களின் இறுதியில் இம்மீன் புகுந்தது. அங்கு மிகுந்திருந்த சிறுமீனினங்கள் பல ஏறக்குறைய மறைந்தே போயின. 1973இல் வெளியான ஆய்வு இதனை விளக்குகிறது.

"விளையாட்டுக்குத்தானே ஆசிரியரே, படகும் தூண்டிலும் விற்பவர்கள் பிழைக்க வேண்டாமா?" என்கிறார்கள். செபராவும் தோமானும் நம் நீர்நிலைகளிலேயே உள்ளனவே! தோமானின் இழுப்பில் விறுவிறுப்பு இல்லையா? அவற்றைத் திரும்ப விடுங்கள். பீக்காக் பாஸை வீட்டிற்குக் கொண்டுவந்து குழம்பு வையுங்கள். (பழைய ஈயக் குட்டையில் பிடித்ததாயின், நீரின் தன்மையை விசாரித்த பிறகு!)