மூச்சைப் பற்றி எழுதுவோம், வயிற்றைப் பற்றி?

என் பெரியப்பா முப்பது வருஷம் கண்டக்டர். படிக்கட்டில் தொங்குகிறவனை ஒரே அதட்டலில் உள்ளே ஏற்றிய தொண்டை அவருடையது. கடைசிக் காலத்தில் ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துத்தான் பேச முடிந்தது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகி, விறைத்துப்போய், விரிய மறுக்கிற நோய். டாக்டர்கள் ஐ.பி.எஃப் என்பார்கள்.

அவருக்கு நின்டெடனிப் எழுதிக்கொடுத்தார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஆறாவது வாரம் நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. நாலு மாசம் கழித்து, பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் பிரிக்காத அட்டைகளைப் பெரியம்மா கண்டுபிடித்தார்.

“ஏன் பெரியப்பா?”

“வயித்தால போகுதுடா. ஒரு நாளைக்கு ஏழு, எட்டு தடவ. இத எப்படிப் போய் அந்த டாக்டர்கிட்ட சொல்றது?”

சொன்னோம். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். “பேஷன்ட் கோஆப்ரேட் பண்ணலன்னா நாங்க என்ன சார் பண்றது?”

அன்று பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

இந்த மருந்தால் வயிறு போகும் என்பது ரகசியம் இல்லை. 2014இல் வெளியான பெரிய பரிசோதனைகளிலேயே, மருந்து எடுத்தவர்களில் 100க்கு 62 பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 18 பேருக்கு. பாதிப் பேருக்கு மேல் வருகிற ஒன்றை ‘பக்க’விளைவு என்று எந்தக் கணக்கில் சொல்கிறோம்? அதோடு குமட்டல், வாந்தி, பசியின்மை, எடை இழப்பு. அரிதாகக் குடலில் ஓட்டை விழுகிற அபாயமும் மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பிலேயே இருக்கிறது.

‘பெரும்பாலும் லேசானது முதல் மிதமானது வரை’ என்பது வழக்கமான பதில். இந்த ‘மிதமான’ என்ற சொல்லோடுதான் என் சண்டை. புற்றுநோய் மருந்துச் சோதனைகளில் பரவலாகப் பயன்படும் அளவுகோல் ஒன்று உண்டு. வழக்கத்தைவிட நாளுக்கு 4 முதல் 6 தடவை கூடுதலாகப் போனால் அது இரண்டாம் நிலை. அதாவது மிதம். ஏழோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனால்தான் கடுமை. பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிற எழுபது வயது மனிதர், ஆக்சிஜன் குழாயை இழுத்துக்கொண்டு ஆறு தடவை கூடுதலாகக் கக்கூசுக்குப் போய்வருவது யாருக்கு மிதம்? எழுதுகிறவருக்கு மிதம். உட்கார்ந்து எழுகிறவருக்கு இல்லை.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘இங்கிலீஷ் மருந்து விஷம்’ என்று வாட்ஸ்அப்பில் கஷாயம் விற்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூடக் கிடையாது. நுரையீரல் சுருங்குகிற வேகத்தை நின்டெடனிப் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. இது உண்மை. ஆனால், குறைப்பது வேகத்தை மட்டும்தான். நோய் குணமாகாது, இருமல் நிற்காது, மாடிப்படி எளிதாகாது. அதன் நன்மை ஊதிப் பார்க்கிற பரிசோதனையின் காகிதத்தில் இருக்கிறது. தீமை அடிவயிற்றில் இருக்கிறது. இதை முன்கூட்டியே யாரும் விளக்காவிட்டால் எந்த மனிதனும் பெரியப்பா செய்ததைத்தான் செய்வான். அதற்குப் பெயர் ஒத்துழையாமை இல்லை. தனக்குத் தெரிந்த தகவலை வைத்து எடுத்த முடிவு.

‘முன்னாடியே சொன்னா பயந்துபோய் ஆரம்பிக்கவே மாட்டாங்க’ என்பார்கள். அந்தப் பரிசோதனைகளில் வயிற்றுப்போக்கால் மருந்தை நிரந்தரமாக நிறுத்தியவர்கள் சுமார் 5 சதவீதம்தான். அங்கே ஒவ்வொருவரையும் தொடர்ந்து கவனித்தார்கள். வயிறு போனால் அடுத்து என்ன செய்வது என்று கையில் திட்டம் இருந்தது. சாப்பாட்டோடு மாத்திரை எடுப்பது, முதல் அறிகுறியிலேயே லோபரமைடும் உப்பு-சர்க்கரைக் கரைசலும், தாங்கவில்லை என்றால் 150 மில்லிகிராமை 100 ஆகக் குறைப்பது, கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பது. ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஒரு சீட்டில் நாலு வரி. அந்த நாலு வரி பெரியப்பாவின் சீட்டில் இல்லை.

சரி, டாக்டரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நமக்கு வசதிதான். நாம் என்ன செய்தோம்? மூச்சைப் பற்றி இலக்கியவாசிகளான நமக்கு எவ்வளவு பேச்சு! மூச்சு என்றால் தியானம், காதல், மரணம், கவிதை. இருமி ரத்தம் கக்குகிற கதாநாயகன் நமக்கு அழகாகத் தெரிகிறான். பேதியால் வேட்டியை நனைத்துக்கொண்ட கிழவன் நகைச்சுவைக் காட்சி. உடலரசியல் பேசுகிற நம் நண்பர்கள் வட்டத்தில்கூட ‘பீ’ என்று எழுதினால் ஒன்று அது கலகம், இல்லை வசை. நோயாளியின் அன்றாடமாக அது வருவதே இல்லை. மொழியில் மரியாதையான இடம் இல்லாத துன்பத்தை ஒருவர் எந்த வார்த்தையில் டாக்டரிடம் சொல்வார்? அதுவும் பின்னால் வரிசையில் இருபது பேர் நிற்கும்போது?

பெரியப்பா கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினார். வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் நின்றவர்! வயசாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது, அதனால் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் இலக்கியம் படிக்கிறவன்.

பிறகு 100 மில்லிகிராமில் மறுபடி ஆரம்பித்தார். இரண்டு, மூன்று தடவையோடு நின்றது. தாங்கிக்கொண்டார். இடையில் போன நாலு மாசத்தில் சுருங்கிய நுரையீரல் திரும்பி வரவில்லை. அந்த நோயில் போனது போனதுதான். அடுத்த வருஷம் அவரும் போனார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டிருந்தால் இன்னும் இருந்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நாலு மாசத்தை வெட்கத்துக்குக் கொடுத்தார் என்று மட்டும் சொல்ல முடியும்.

உங்கள் வீட்டிலும் நுரையீரல் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் இருக்கலாம். மூச்சு எப்படி இருக்கிறது என்று எல்லாரும் கேட்டிருப்பார்கள். நீங்கள் வயிறு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எத்தனை தடவை என்று எண்ணிக் கேளுங்கள். எடை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் கூடவே போய், அவர் சொல்லக் கூச்சப்பட்டால், நீங்கள் சத்தமாகச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கிற இருபது பேருக்கும் கேட்கட்டும். அவர்களில் யாரோ ஒருவரின் பீரோவிலும் பிரிக்காத அட்டைகள் இருக்கலாம்.