ஊத் வாசமும் வல்லப்பட்டை மரமும்



போன கிழமை பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஓ/எல் முடித்து நாலு வருடமாகிறது. பிளேன்டீ குடித்து முடியும் வரைக்கும் ஊர்க்கதைதான். போகும்போதுதான் கேட்டான், "சேர், எங்கள பத்தாம் ஆண்டுல எரத்ன பக்கம் கூட்டிப் போய் ஒரு மரம் காட்டினீங்களே, வல்லப்பட்டை. அது எந்த இடம்?"

எதற்குக் கேட்கிறான் என்று விளங்க எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

இரத்தினபுரியில் இருக்கும் நமக்கு பாவா ஆதம் மலை தூரத்து மலை இல்லை. வானம் தெளிந்தால் வாசலில் நின்றே தெரியும். 1940 இல் சரணாலயமாக்கப்பட்ட சுமார் 224 சதுர கிலோமீட்டர் காடு அது. 2010 இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து யுனெஸ்கோவும் உலக மரபுரிமை என்றது. அடிவாரத்தில் ஹொர மாதிரி வானளாவிய மரங்கள். ஏற ஏற மரம் குட்டையாகும், கொப்பெல்லாம் பாசி பிடிக்கும், உச்சிக்குக் கிட்ட மஹரத்மல் சிவப்பாகப் பூத்து நிற்கும். ஸ்டெமனோபோரஸ் என்று ஒரு மரக் குடும்பத்துப் பேரினம். இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இந்த மலையில் அதுவே காடாக நிற்கும் இடங்கள் உண்டு. நாம் குடிக்கிற களு கங்கைத் தண்ணீர் அந்தப் பாசியிலும் வேரிலும் வடிந்து வருவதுதான்.

வல்லப்பட்டை இந்த ஈரவலயக் காட்டு மரம். முன்பு அதன் பட்டையை உரித்துக் கயிறாகக் கட்டுவார்கள், அவ்வளவுதான் அதன் மதிப்பு. 2012 அளவில்தான் அது ஊத் தரும் அகில் மரத்தின் சொந்தக்கார மரம் என்று ஊரெல்லாம் பரவியது. பிறகு கட்டுநாயக்காவில் பயணப் பொதிக்குள் பிடிபட்ட செய்திகள் எத்தனை வாசித்திருப்போம்!

விஷயம் தெரியாமல் வெட்டுபவர்களுக்குச் சொல்கிறேன். நல்ல மரத்தில் ஊத் இல்லை. உள்ளே வெள்ளைக் கட்டை, வாசமே இராது. மரம் காயப்பட்டு, பூஞ்சணம் தொற்றினால், அதை எதிர்க்கத்தான் கறுப்புப் பிசின் சுரக்கிறது. எந்த மரத்துக்குள் இருக்கிறது என்று வெளியில் நின்று சொல்வது கஷ்டம். அதனால் ஒன்றில் கிடைக்கும் என்று பத்தைச் சாய்க்கிறார்கள். மிச்சம் ஒன்பதும் சும்மா கிடந்து உக்குகிறது. சட்டமும் இதை விடாது. சர்வதேச வர்த்தகத்தில் 2005 முதல் சைட்டிஸ் கட்டுப்பாடும் இருக்கிறது. மாட்டுவதோ கத்தி பிடித்த பொடியன். வாங்கி அனுப்புகிறவர் வெள்ளைச் சட்டையோடு முன் சப்பில் நிற்பார்.

இது நமக்குள் பேச வேண்டிய கதை. ஊத் நமது வாசனை. பெருநாளைக்கு, கல்யாணத்துக்கு, ஜும்ஆவுக்கு நாம்தான் பூசுகிறோம். நானும் பூசுபவன். ஹரம் எல்லைக்குள் செடி கொடியைக்கூட வெட்டக் கூடாது என்று ஹஜ் வகுப்பில் கேட்டுவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் உள்ள காட்டை வெட்டக் காசு கொடுப்பது எனக்கு விளங்கவில்லை. காணி உள்ளவர்கள் முறைப்படி நட்டு வளர்க்கட்டும், அது ஹலாலான வியாபாரம். வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அது உண்மை. காத்திருக்கப் பொறுமை இல்லாததால்தானே சரணாலயத்துக்குள் கத்தி போகிறது.

அந்தப் பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டான். "நான் வெட்டாட்டி வேற ஒருத்தன் வெட்டுவான் சேர்" என்றான். வீட்டில் வாப்பா படுக்கையில், உழைக்க இவன் ஒருவன்தான். கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. கடைத்தெருவில் தெரிந்த ஒருவரிடம் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வேறு யாராலும் முடிந்தால் இன்பொக்ஸ் வாருங்கள்.

அடுத்த மாதம் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளை மறுபடி எரத்ன பாதையில் கூட்டிப் போகிறேன். பெற்றோர் தயவுசெய்து சாப்பாட்டை லன்ச் ஷீட்டில் சுற்றாமல் பெட்டியில் கொடுத்து அனுப்புங்கள். மஹரத்மல், பாசி, ஓர்க்கிட் எல்லாம் காட்டுவேன். வல்லப்பட்டை நிற்கும் இடத்தை மட்டும் இந்த முறை காட்டப் போவதில்லை.