இராசாளியின் கவிஞர்

காவேரியைப் பாடிய தமிழ்ப் புலவர் பலர். பஞ்சாபிலே பிறந்து, பாரசீக மொழியிலே காவேரிக்குத் தூது விடுத்த கவிஞர் ஒருவரும் உளர் என்பதை நம்மிற் சிலரே அறிவர். அல்லாமா முகம்மது இக்பாலே அக்கவிஞர். 1932ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜாவீத் நாமா' என்னும் காவியத்தில், கோள்களையெல்லாம் கடந்து சுவர்க்கம் புகுகின்ற கவிஞன் அங்கே திப்பு சுல்தானைச் சந்திக்கின்றான். 1799இல் சீரங்கப்பட்டணத்துப் போரிலே மாண்ட அம்மன்னன், தக்காணத்துச் செய்தி யாதென ஆவலோடு வினவுகின்றான். பின்னர், தன் தலைநகரை இருபுறமும் தழுவி ஓடிய காவேரிக்கு வாழ்வையும் சாவையும் பற்றி ஒரு செய்தி சொல்லி விடுக்கின்றான். கவிஞன் அக்காவியத்திலே பூண்டுள்ள பெயர் 'ஜிந்தா ரூத்'. உயிருள்ள ஆறு என்பது அதன் பொருள். ஆற்றிடம் ஆற்றையே தூது அனுப்புகின்ற இந்த நயத்தை நாம் வேறெங்கும் கண்டிலோம்.

இது ஏட்டிலே மட்டும் கண்ட காவேரியன்று. 1929ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இக்பால் சென்னைக்கு வந்து இஸ்லாமியச் சிந்தனை பற்றி மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். தோல் வணிகத்திற் பெரும் பொருளீட்டி அதனைக் கல்விக்கே வாரி வழங்கிய சென்னை ஜமால் முகம்மது சாகிபின் ஆதரவிலே அவை நிகழ்ந்தன. அங்கிருந்து பெங்களூர், மைசூர் வழியாகச் சென்றபோது சீரங்கப்பட்டணத்திலே திப்புவின் அடக்கத்தலத்தின் முன் நின்றார். சென்னையிற் பேசியவை, பின்னர் பேசியவற்றோடு சேர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் இஸ்லாமியத் தத்துவ நூல்களுள் தலையாயதாகப் பலரும் மதிக்கும் ஒரு நூலாயின. அதனைப் பின்னே கூறுவோம்.

இக்பால் 1877ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் சியால்கோட் நகரிலே பிறந்தார். முன்னோர் காஷ்மீரப் பிராமணர். பல தலைமுறைகளுக்கு முன்னர் இஸ்லாத்தைத் தழுவியவர்கள். தந்தையார் நூர் முகம்மது தையற்றொழில் செய்தவர், பள்ளிப் படிப்பில்லாதவர், எனினும் ஆழ்ந்த சிந்தையுடையவர். அரபும் பாரசீகமும் கற்பித்த ஆசான் சையித் மீர் ஹசன். இக்பாலுக்கு 1923இல் 'சர்' பட்டம் கிடைத்தபோது, தம் ஆசானுக்கும் பட்டமளித்தல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினாராம். அவர் எழுதிய நூல் யாது என்று அதிகாரிகள் கேட்க, அந்நூல் தாமே என்று இக்பால் விடையிறுத்தார் என வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். ஆசானுக்கு 'சம்சுல் உலமா' என்னும் பட்டம் கிடைத்தது உண்மை. மாணவர்கள் இக்கதையை மறவார் என நம்புகின்றோம். ஆசிரியர்கள் ஒருபோதும் மறவார்!

லாகூர் அரசினர் கல்லூரியிலே தோமஸ் ஆர்னல்ட் என்னும் பேராசிரியரிடம் தத்துவம் பயின்று, 1905இல் ஐரோப்பா சென்றார். கேம்பிரிட்ஜிலே தத்துவம், இலண்டனிலே சட்டம், மியூனிக் சர்வகலாசாலையிலே பாரசீகத் தத்துவ வளர்ச்சி பற்றிய ஆராய்ச்சிக்குக் கலாநிதிப் பட்டம் என மூன்றாண்டுகளில் மூன்று காரியங்களை முடித்துக்கொண்டு 1908இல் நாடு திரும்பினார். இடையில் ஜேர்மன் மொழி கற்பதற்காக ஹைடில்பேர்க் நகரிலே தங்கினார். அந்நகரிலே நெக்கார் ஆற்றங்கரை வீதியொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

ஐரோப்பாவில் அவர் கண்டவை இரண்டு. ஓயாத உழைப்பும் அறிவு வேட்கையும் ஒன்று; அது அவரை மயக்கியது. இனப்பற்று என்னும் பெயரால் அந்நாடுகள் ஒன்றையொன்று விழுங்கக் காத்திருந்த நிலை மற்றொன்று. அது அவரை அச்சுறுத்தியது. 1914இல் மூண்ட பெரும்போர் அவ்வச்சம் வீணன்று எனக் காட்டிற்று. திரும்பி வந்த இக்பால், புறப்பட்டுச் சென்ற இக்பால் அல்லர்.

1915இல் 'அஸ்ராரே குதீ' என்னும் பாரசீக நூல் வெளிவந்தது. 'தன்மையின் மறைபொருள்கள்' என்று அதனைத் தமிழிற் கூறலாம். 'குதீ' என்ற சொல் அதுகாறும் செருக்கு, தன்னலம் என்னும் பொருளிலேயே வழங்கி வந்தது. இழிந்து கிடந்த அச்சொல்லை இக்பால் எடுத்துக் கழுவி அரியணையில் ஏற்றினார் என்றே சொல்லவேண்டும். 'நான்' என்பது அற்றொழிதலே வீடு என்று கேட்டு வளர்ந்த செவிகளுக்கு அவர் கூற்று முரணாகவே தோன்றும். துளி கடலிலே கலந்து மறைவதே பேறு எனச் சூபி ஞானியர் பலர் பாடினர். அவ்வாறு மறைதல் வேண்டா, தன்னைத் திண்ணிதாக்கிக்கொண்டு முத்தாதல் வேண்டும் என்பதே இக்பாலின் கொள்கை. இறைவனிடத்திலே கரைந்துபோவதன்று, இறைவனுடைய பண்புகளைத் தன்னிடத்திலே ஏற்பதே மனிதனின் குறிக்கோள் என்றார் அவர்.

அந்தத் 'தன்மை' எவ்வாறு வலுப்பெறும்? அன்பினால் என்பது அவர் விடை. எவ்வாறு நலியும்? இரத்தலினால். இங்கே நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். இரத்தல் என்று அவர் சொல்வது தெருவிலே கையேந்துவதை மட்டுமன்று. உழைக்காது தந்தையின் செல்வத்தை அடைந்து வாழும் மைந்தனும் இரவலனே. பிறர் எண்ணியவற்றையே தானும் எண்ணுபவன் அவனினும் தாழ்ந்தவன் அல்லனாயினும் உயர்ந்தவனும் அல்லன். பரீட்சைக்காகக் குறிப்புகளை மனனஞ் செய்யும் நம் மாணவ உலகம் இக்கருத்தைக் கேட்டு நாணுமோ நகைக்குமோ அறியோம். ஒழுங்குக்குக் கீழ்ப்படிதல், தன்னை அடக்கி ஆளுதல், பின்னர் இறைவனின் பிரதிநிதியாய் உலகில் நிற்றல் என மூன்று படிகளை அந்நூல் வகுக்கின்றது. முதற்படி கீழ்ப்படிதல் என்பதை விரைந்து படிப்போர் தவற விடுகின்றனர். 1918இல் வெளிவந்த அடுத்த நூல், தனி மனிதன் சமுதாயத்தோடு இயையும் முறையைக் கூறுவது. இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி இக்பாலின் கருத்து முழுமையாய் விளங்காது.

நூல் வெளிவந்ததும் புயல் எழுந்தது. பாரசீகத்தின் மாபெருங் கவிஞராகிய ஹாபிஸை அவர் கடுமையாகச் சாடியிருந்தமை சூபி நெறியினரைச் சினமூட்டியது. இரண்டாம் பதிப்பில் அப்பகுதியை அவர் நீக்கிவிட்டார். 1920இல் பேராசிரியர் நிக்கல்சன் அந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது வேறொரு குற்றச்சாட்டுக் கிளம்பிற்று. இக்பாலின் முழுமனிதன் ஜேர்மன் தத்துவஞானி நீட்சேயின் அதிமனிதனே என்றனர் சிலர். தத்துவம் உலகுக்கெல்லாம் பொதுவாயிருக்க, அதனை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதாக்குகின்றாரே என்றார் டிக்கின்சன் என்னும் ஆங்கில அறிஞர். இக்பால் 1921இல் நிக்கல்சனுக்கு எழுதிய கடிதத்திலே மறுமொழி கூறினார். தாம் பேசும் போராட்டம் ஒழுக்கவழிப்பட்டது, ஆட்சிவழிப்பட்டதன்று. உயர்ந்த குறிக்கோள் உலகுக்குப் பொதுவேயெனினும் அதனை நடைமுறைப்படுத்த ஒரு சமுதாயத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்பன அவர் விடையின் சாரம்.

இவ்விடை முழுவதும் நிறைவளிக்கின்றதா? நம் கருத்தில், பாதியே அளிக்கின்றது. அவர் பெரிதும் விரும்பிய உருவகம் இராசாளி. அது பிறர் கொன்றதை உண்ணாது, கூடு கட்டாது, தனித்திருக்கும், உயரப் பறக்கும், கூரிய பார்வையுடையது. துறவியின் குணங்கள் யாவும் அதனிடம் உள என்று கடிதமொன்றில் விளக்கியுமுள்ளார். இளைஞரை நிமிர்ந்து நிற்கச் செய்வதற்கு இதனினும் சிறந்த உருவகம் கிடைத்தல் அரிது. ஆயினும் இராசாளி புறாவையும் கொல்லும் என்பதைப் புறா மறப்பதில்லை. வலிமையிலே அவருக்கிருந்த கவர்ச்சி, இத்தாலியிலே முசோலினியைக் கண்டபோது அவருடைய கண்களைச் சற்றே மறைத்தது. பின்னர் அபிசீனியா மீது இத்தாலி படையெடுத்தபோது அதனைக் கண்டித்துப் பாடியவரும் அவரே என்பதையும் உடன் சொல்லுதல் நியாயமாகும்.

இனி, யாவரும் வினவும் வினாவுக்கு வருவோம். 1904இல் இந்தியாவைப் போற்றி அவர் இயற்றிய பாடல் இன்றும் அந்நாட்டுப் படையணிகளின் வாத்தியங்களில் முழங்குகின்றது. 1984இல் விண்வெளி சென்ற ராகேஷ் சர்மா, இந்தியா அங்கிருந்து எவ்வாறு தோன்றுகின்றது என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டபோது அப்பாடலின் முதலடியாலேயே விடை சொன்னார். அதே கவிஞர், 1930 டிசம்பரில் அலகாபாத்திலே முஸ்லிம் லீக்கின் தலைவராய் நின்று, பஞ்சாப், வடமேற்கு எல்லை மாகாணம், சிந்து, பலுசிஸ்தான் ஆகியவை ஒன்றிணைந்த ஓர் அரசைத் தாம் காண விழைவதாக உரைத்தார். பாகிஸ்தான் 1947இல் தோன்றியது. அவரைத் தேசியக் கவிஞராகப் போற்றுகின்றது. எனவே ஒரு நாட்டில் அவருடைய பாடல் வாழ்கின்றது. மறு நாட்டில் அவருடைய பெயர் வாழ்கின்றது.

அவர் தம்மையே மறுத்தார் என்பர் சிலர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. நிலத்தைத் தெய்வமாக்கும் நாட்டுப்பற்றை ஐரோப்பாவிலே கண்டு வெறுத்த மனம், ஒரு சமுதாயத்தின் பண்பாட்டுக்கு இடம் தேடியபோது மீண்டும் நிலத்தையே நாட வேண்டியதாயிற்று. அவருடைய வாழ்வின் பெரிய இக்கட்டு இதுவே. அவர் 1938இலேயே மறைந்தார். பிரிவினையின்போது இலட்சக்கணக்கானோர் மாண்டதையும், 1971இல் அந்த நாடே இரண்டானதையும் அவர் கண்டிலர். கண்டிருந்தால் என்ன பாடியிருப்பார் என்று அவரவர் கட்சிக்கேற்ப உரைப்போரை நாம் நம்புவதில்லை.

சென்னைச் சொற்பொழிவுகளுக்கு மீள்வோம். 1930இல் லாகூரிலே ஆறு சொற்பொழிவுகளாகவும், 1934இல் ஏழாவதொன்றும் சேர்த்து ஒக்ஸ்போர்ட் பதிப்பாகவும் அவை வெளிவந்தன. இஸ்லாத்திலே சமயச் சிந்தனையைப் புத்தமைப்புச் செய்தல் என்பது நூலின் பொருள். ஐன்ஸ்டைனும் பெர்க்சனும் பழைய அரபுத் தத்துவ ஞானியரும் ஒரே பக்கத்தில் உரையாடும் கடினமான நூல். முதல் அத்தியாயத்திலேயே மூடி வைத்தவர்கள் பலர். அத்தகையோர்க்கு நாம் ஒரு வழி கூறுவோம்: ஆறாவது சொற்பொழிவிலே தொடங்குக. இஸ்லாத்தின் அமைப்பிலுள்ள இயங்கும் தத்துவம் யாது என்று அங்கே வினவி, 'இஜ்திஹாத்' என்று விடை கூறுகின்றார். மூல நூல்களை ஆதாரமாகக் கொண்டு, புதிய நிலைமைக்கேற்பத் தானே ஆராய்ந்து முடிவு காணுதல் என்பது அதன் பொருள். முன்னைய சட்ட அறிஞர்கள் தம் முடிவே இறுதியானதென ஒருபோதும் சொல்லவில்லை. ஆதலால் ஒவ்வொரு தலைமுறையும் முன்னோர் வழிகாட்டத் தன் சிக்கலைத் தானே தீர்த்தல் தகும் என்று வாதிக்கின்றார். அவ்வுரிமை தனியொருவரிடமிருந்து மக்கள் தேர்ந்த சபைக்கு மாறுதல் வேண்டும் என்றும் கூறுகின்றார். சட்டமறியாத உறுப்பினர் தவறிழைப்பரே என்ற ஐயத்தையும் அவரே எழுப்புகின்றார். சமய அறிஞர்கள் சபையின் ஓர் உறுப்பாய் இருந்து உதவுதலும், சட்டக் கல்வியைச் சீர்திருத்துதலும் அவர் காட்டும் வழிகள். இந்நூலுக்கு உருது மொழிபெயர்ப்பு 1958இலேயே வந்தது. அவருடைய கவிதையை மேடைதோறும் முழங்கியவர்கள் இந்நூலை அத்துணை ஆர்வத்தோடு நாடவில்லை.

கவிதைக்குத் திரும்பினால், அவர் எழுதிய ஏறத்தாழ 12,000 செய்யுள்களில் 7,000 அளவில் பாரசீகத்திலே உள்ளன. தாய்மொழி பஞ்சாபி, அதில் அவர் எழுதியவை மிகச் சிலவே. இறைவனிடம் முஸ்லிம் ஒருவன் உரிமையோடு முறையிடும் 'சிக்வா'வும், 1913இல் அதற்கு இறைவன் அளிக்கும் விடையாகப் பாடியதும் உருதுவில் உள்ளவை. முறையீட்டைக் கேட்டுச் சினந்தவர்கள், முறையீட்டினும் விடையே கடுமையாயிருக்கக் கண்டு அடங்கினர். 1933இல் ஸ்பெயின் சென்று கொர்தோவாப் பள்ளிவாசலைக் கண்டு பாடிய பாட்டு, காலத்தைப் பற்றி அவர் பாடியவற்றுள் முடிமணி என்பது நம் துணிபு.

பாரசீகத்திலே திருக்காவேரியைப் பாடிய இவரே சிறுவர்க்காக மலையும் அணிலும் வாதிடும் கதையையும் உருதுவிற் பாடினார். அமெரிக்கக் கவிஞர் எமேர்சனிடமிருந்து எடுத்தது அது. கொட்டையை மலையால் உடைக்க இயலுமோ என்று அணில் கேட்கும். வீட்டிலே சிறுவர் இருப்பின் அக்கதையிலிருந்து இக்பாலை அறிமுகஞ் செய்யலாம். 'குதீ' என்ற சொல் தானே பின்னர் வரும்.

1934இல் தொண்டையிலே நோய் கண்டது. ஆயிரக்கணக்கானோர் முன் இசையோடு கவிதை பாடிய குரல் அடங்கிற்று. வழக்கறிஞர் தொழிலும் நின்றது. போபால் நவாப் மாதம் 500 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். அதனைக் கொண்டு திருக்குர்ஆனைக் கற்போர்க்குத் துணையாகும் ஒரு நூல் எழுதிவிட வேண்டும் என்பதே அவருடைய கடைசி ஆசை. கண்ணொளியும் மங்கியது. 1938 ஏப்ரல் 21ஆம் நாள் லாகூரிலே உயிர் நீத்தார். பாத்சாகி மசூதிக்கும் கோட்டைக்கும் இடையே அடக்கஞ் செய்யப்பட்டார். அந்நூல் எழுதப்படவேயில்லை.