கணக்கே இல்லாதவரின் கணக்கு

ஒரு விளையாட்டாளர் இணையத்தில் எவ்வளவு புகழ்பெற்றவர் என்று கேட்டால், நம்மில் பலர் உடனே கைப்பேசியை எடுத்து அவரைப் பின்தொடர்வோர் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறோம். இடுபணிகளில்கூட அந்த எண்ணையே சான்றாக எழுதிவிடுகிறோம். ஜப்பானின் யுஸுரு ஹன்யுவிடம் இந்த அளவுகோல் செல்லாது.

ஹன்யு ஃபிகர் ஸ்கேட்டிங் வீரர். 2014 சோச்சி, 2018 பியோங்சாங் ஆகிய இரு குளிர்கால ஒலிம்பிக்கிலும் ஆண்கள் தனிநபர் பிரிவில் தங்கம் வென்றவர். பியோங்சாங்கில் அதே பிரிவில் நம் நாட்டின் ஜூலியன் யீயும் களமிறங்கியதால் சிலருக்கு இவர் பெயர் நினைவிருக்கலாம். ஹன்யு ஆடி முடித்ததும் ரசிகர்கள் வீசும் வின்னி த பூ கரடிப் பொம்மைகள் பனித்தளத்தில் மழையாகக் கொட்டும். அத்தகையவர், போட்டிகளில் ஆடிய காலத்தில் டுவிட்டரிலோ இன்ஸ்டாகிராமிலோ தமக்கென ஒரு பொதுப் பக்கம்கூட வைத்திருக்கவில்லை. 2022 ஜூலையில் போட்டிகளிலிருந்து விலகிய பிறகே கணக்குகளைத் தொடங்கினார். அதற்கு முன் அளந்தவருக்குக் கிடைத்த விடை சுழியம்!

சரி, தேடல்களை எண்ணலாமே என்பீர்கள். அங்கும் சிக்கல்தான். கூகல் டிரெண்ட்ஸ், எத்தனை பேர் தேடினர் என்று சொல்வதில்லை. நாம் தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சத்தை 100 என வைத்து, மற்ற நாள்களை அதனோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. ஆங்கில எழுத்தில் பெயரைத் தட்டினால், ஜப்பானியர் காஞ்சி எழுத்தில் தேடியது அதில் சேராது. காஞ்சியில் குடும்பப் பெயரை மட்டும் தட்டினாலோ, அதே எழுத்துகளை ‘ஹபு’ என வாசிக்கும் ஷோகி ஆட்ட மேதை யொஷிஹாரு ஹபுவும் கலந்துவிடுவார். 1996இல் ஏழு பெரும் பட்டங்களையும் ஒருசேர வைத்திருந்தவரை யார்தாம் தேடமாட்டார்கள்? ஹன்யுவுக்குப் பெரும் ரசிகர் கூட்டம் உள்ள சீனாவில் கூகல் தேடலே இயங்குவதில்லை, அங்கே வெய்போதான். இரண்டு எண்களையும் கூட்டுவது ரிங்கிட்டையும் கிலோவையும் கூட்டுவதற்குச் சமம்.

2018 ஏப்ரலில் அவருடைய சொந்த ஊரான சென்டாயில் நடந்த வெற்றி ஊர்வலத்துக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 8 ஆயிரம் பேர் திரண்டதாக ஏற்பாட்டாளர்கள் கணக்கிட்டனர். தெருவில் நின்ற ஒருவர் ஒருவர்தான். இணையத்தில் அதற்கும் உறுதியில்லை.

இவையெல்லாம் கணக்குச் சிக்கல்கள். என்னை உறுத்துவது வேறு. 2023 ஆகஸ்டில் தமக்குத் திருமணமானதாக ஹன்யு அறிவித்தார்; மனைவியின் பெயரைச் சொல்லவில்லை. நவம்பரில் மணவிலக்கு அறிவிப்பு வந்தது. அவதூறு, ஆள்களைப் பின்தொடர்ந்து செய்யும் தொல்லை, அனுமதியில்லாத செய்தி சேகரிப்பு ஆகியவற்றால் மனைவி வீட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைக்க முடியாத நிலை நீடித்தது என்பதை அவரே தம் அறிக்கையில் குறிப்பிட்டார். அவர் ஆட்டத்தைக் காணத் தேடியவரின் சொடுக்கும், மனைவி யாரெனத் துருவியவரின் சொடுக்கும் எண்ணுக்கு ஒன்றே. இரண்டுமே ‘புகழ்’ என்ற நிரலில் ஏறிவிடுகின்றன. தமிழிலும் பாருங்கள், இன்ஸ்டாகிராமில் ரசிகர் செய்வதையும் வீட்டு வாசல்வரை தொல்லைக்காரர் செய்வதையும் ‘பின்தொடர்தல்’ என்ற ஒரே சொல்லால்தான் குறிக்கிறோம். மொழிக் கழகத்தார் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆகவே, இனி இத்தகைய எண்ணை இடுபணியில் சேர்ப்போர் எந்தத் தளம், எந்த எழுத்து, எந்த நாள்கள் என்பதையாவது உடன் எழுத வேண்டும். அந்த நாள்களில் 2023 நவம்பரும் அடங்கினால், அந்த மாதம் என்ன நடந்தது என்பதையும்.