முழுக்கோழியும் பாதிப் பெருநாளும்

பெருநாள் ராவையில எங்கட வரிப்பத்தான்சேனை வீடுகள்ல குசினி லைட் அணையிறதில்ல. முழுக்கோழிக்கு மஞ்சள், மிளகாய்த்தூள், தேசிக்காய்ப்புளி பூசி ஊற வைக்கணும். ஈரல், உருளைக்கிழங்கு, வெங்காயம் வதக்கணும். அவிச்ச முட்டையோட அதை வயித்துக்குள்ள அடைச்சு, ஊசி நூலால தைக்கணும். அவண் இல்லாத வீட்டுல முதல்ல மூடி அவிச்சு, பிறகு தாச்சியில பொரிக்கணும். அவசரப்பட்டா வெளியே சிவந்திருக்கும், உள்ளே வெந்திருக்காது.

இத்தனை 'ணும்'களும் யாருக்கு? உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் எங்களுக்கும்தான். வாப்பாவும் காக்காவும் புதுச் சாரனோட தொழப் போகும்போது நாங்க கோழியப் புரட்டிக்கொண்டு நிக்கிறோம்.

பெண்களைப் பெருநாள் திடலுக்கு அழைத்து வரும்படி நபியவர்கள் ஏவினார்கள். மாதவிடாயில் இருப்பவர்களும் தொழாமல் ஒதுங்கி நின்று துஆவில் கலந்துகொள்ள வேண்டும் என்றார்கள். உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. நபியவர்கள் வீட்டு வேலைகளில் உதவியதாக ஆயிஷா (ரலி) சொல்வதும் அதே நூலில்தான். இதையெல்லாம் பயானில் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் குசினி வாசலில் மறந்துவிடுகிறார்கள்.

கோழி வேணாம் என்று நாங்க சொல்லல்ல. ஒரு சஹனைச் சுத்தி இருந்து பிச்சுத் தின்னுற சந்தோஷம் எங்களுக்கும் விருப்பம்தான். கேட்கிறது இவ்வளவுதான்: எல்லாருமா தொழுதுட்டு வந்து, எல்லாருமா சமைப்போம். வெங்காயம் உரிக்க காக்காவுக்கும் கை இருக்கு. சாப்பாடு ஒரு மணித்தியாலம் பிந்தினா பெருநாள் ஓடிப் போயிடாது.