பிள்ளை சொன்னபடியே

எங்கள் வீடுகளில் பெண்குழந்தையின் உறுப்புக்குப் பெயர் 'பப்பி ஷேம்'. பெயரிலேயே வெட்கத்தை வைத்துத் தைத்துவிட்டோம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் ஏழு வயதுப் பிள்ளை காவல் அதிகாரியிடம் பேச வேண்டும்.

என் மாணவி ஒருத்தி தன் தங்கைக்காகத் துணைக்கு அழைத்தாள், போனேன். விசாரித்த பெண் அதிகாரி சீருடை இல்லாமல்தான் வந்தார், அன்பாகத்தான் கேட்டார். குழந்தை சொன்னாள்: "அந்த மாமா பப்பி ஷேம்ல கை வச்சாங்க. வலிச்சுது. அம்மாட்ட சொன்னா அடிப்பேன்னாங்க." (நோகடித்தவனுக்கும் 'ங்க' போட்டுப் பேசத்தானே பழக்கியிருக்கிறோம்.) எழுதப்பட்டதோ: "மேற்படி எதிரி என்னைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தி, வெளியில் சொன்னால் கொன்றுவிடுவதாக மிரட்டினார்." படித்துக் காட்டினார்கள். பிள்ளை தலையாட்டினாள்.

பதினான்கு மாதம் கழித்து நீதிமன்றம். மூடிய அறை, நான் வெளியே நின்றேன். மாணவி வந்து சொன்னாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நேராகவே கேட்டாராம்: "பாலியல்னா என்ன பாப்பா? யாரு சொல்லிக் கொடுத்தா? அடிப்பேன்னாரா, கொல்லுவேன்னாரா?" குழந்தை அக்காவைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். போதாதா? சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சி என்றாகிவிட்டது. சொல்லிக்கொடுத்தது யார்? எழுதிய கைதானே!

சட்டம் இல்லையென்று யாரும் என்னிடம் அழ வேண்டாம். 2012இன் போக்சோ சட்டம், பிரிவு 26, குழந்தை பேசியபடியே பதியச் சொல்கிறது. பிரிவு 33, வழக்கறிஞரின் கேள்வி நீதிபதி வழியாகவே போக வேண்டும் என்கிறது. பிரிவு 35, நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதியச் சொல்கிறது.

'பிள்ளைகள் கற்பனை செய்வார்கள்' என்பவர்கள் கலிஃபோர்னியாவின் மக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கை இழுப்பார்கள். ஆம், 1990இல் ஒரு தண்டனைகூட இல்லாமல் அது முடிந்தது. ஆனால் அங்கே பதிலைக் கேள்விக்குள் ஒளித்துவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் பெரியவர்கள். "மாமா தொட்டாரா?" என்பதில் பதில் இருக்கிறது. "அப்புறம் என்ன ஆச்சு?" என்பதில் இல்லை. இந்த வித்தியாசம் கற்றுக்கொள்ளக்கூடியது. நாங்கள் கற்பிக்கிறோம். வட்டார வழக்கு சேகரிக்கப் போகும் முதுகலை மாணவர், தகவலாளி சொன்னதில் ஓர் ஒலியைத் திருத்தினாலும் மதிப்பெண் குறைப்போம். நாட்டுப்புறக் கதைக்குக் காட்டும் இந்த மரியாதை, ஒருவனைச் சிறைக்கு அனுப்பவோ விடுவிக்கவோ போகும் வாக்குமூலத்துக்கு ஏன் இல்லை?

முடிந்தவரை ஒலி, ஒளிப் பதிவும் செய்யச் சொல்கிறது சட்டம். அன்றே கேட்டேன். "பென்டிரைவ் இல்லைங்க மேடம்" என்றார். மறுநாள் நானே வாங்கிக்கொண்டு போனேன். வாக்குமூலம் தட்டச்சாகி முடிந்திருந்தது.