கசியும் பிரேக் உருளை

ஓட்டுநர் பிரேக் மிதியை அழுத்துகின்றார். மாஸ்டர் சிலிண்டர் என்னும் சிறு உருளையினுள் உந்துதண்டு முன்னேற, அடைபட்ட எண்ணெய் அவ்வழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கின்றது. அடைபட்ட நீர்மத்தில் அழுத்தம் எத்திசையிலும் குறையாது பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட உண்மையே இதற்கு அடிப்படை.

இவ்வுருளை கசியத் தொடங்கினால், குறையுந்தோறும் எண்ணெய் ஊற்றி ஓட்டுவோர் பலர். இது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதன்று. வெளியே ஒரு துளியும் சிந்தாமல் உள்ளேயே எண்ணெய் ரப்பர் வளையத்தைக் கடந்து நழுவுவதும் உண்டு. அப்பொழுது கலம் நிறைந்தே இருக்கும்; மிதியோ காலின்கீழ் மெல்ல மெல்லத் தாழும். அவ்வூர்தி மலைப்பாதையில் இறங்குவதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

புதிய வளையம் இட்டால் போதாதோ என்பர் சிலர். செலவு குறைவுதான். ஆயினும் பழைய வளையம் ஏன் கெட்டது என்று ஆராய்தல் வேண்டாவோ? பெரும்பாலும் வழங்கும் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாதுவிட்ட எண்ணெயில் சேரும் ஈரம் உருளையின் உட்சுவரை அரித்துக் குழிகளாக்கும். குழி விழுந்த சுவரில் உராயும் புதிய ரப்பரும் விரைவில் பழுதாகும். உட்சுவர் வழவழப்பாக இருப்பின் வளையத்தை மட்டும் மாற்றலாம்; நகத்திற்குத் தட்டுப்படும் பள்ளம் ஒன்று இருப்பினும் உருளையையே மாற்றுதல் தக்கது. மாற்றுங்கால் குழாயில் புகுந்த காற்று அமுங்குமாதலின் மிதி பஞ்சுபோல் நெகிழும். அக்காற்றை முற்றும் வெளியேற்றிய பின்னரே ஊர்தி சாலைக்கு வருதல் வேண்டும்.